காவலூரும் காவல் நிலையமும்



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிட ஆற்றின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி என்றோர் ஊர் உண்டு. இத்தாலி நாட்டில் பிறந்து, தமிழகம் வந்து, தமிழைக் கற்றுத் தமிழுக்கே தொண்டு செய்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தங்கிப் பணியாற்றிய ஊர் அது. அங்குள்ள அடைக்கல மாதா ஆலயத்தை நாடி இன்றும் மக்கள் வருகின்றனர். முனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார்; அந்தப் பெயரால் ஒரு கலம்பகமும் பாடினார். அவருடைய மார்க்கம் வேறு, நம்முடைய மார்க்கம் வேறு. ஆயினும் ஓர் ஊருக்குப் பெயர் சூட்ட எண்ணியவருக்குக் காவல் என்னும் சொல் தோன்றியதே, அது சிந்திக்கத்தக்கது. அஞ்சி வருபவனுக்கு அடைக்கலம் தரும் இடமே காவலூர்.

அதே சொல்லைத்தான் நாம் காவல் நிலையத்திற்கும் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு சிற்றூரில் ஒருவரை நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தால், அந்த வீட்டில் என்ன நிகழ்கிறது? அடுப்பில் வைத்த உலை அப்படியே நிற்கிறது. தாய் கலங்குகிறாள். தந்தை யாரைக் கூட்டிச் செல்வது என்று தெருவில் நின்று யோசிக்கிறார். அண்டை வீட்டார் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்க்கின்றனர். காவல் என்னும் சொல் அச்சம் என்னும் பொருளை எப்போது பெற்றது?

காவலில் ஓர் உயிர் பிரிந்து, நாடே கொதித்தெழுந்து, நகரங்களில் ஊர்வலங்கள் நடக்கும்போது, ஏலாக்குறிச்சி போன்ற சிற்றூர்கள் என்ன செய்கின்றன, என்ன செய்ய இயலும் என்பதை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

கடல் கடந்து வந்த கோபம்

2020-ஆம் ஆண்டு மே 25 அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்தினார். ஃபிளாய்டு மாண்டார். அதைத் தம் கைப்பேசியில் படம் பிடித்தவர் டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண். அந்தப் படம் இல்லையெனில், அந்த மரணம் காவல்துறையின் குறிப்பில் ஒரு மருத்துவ விபத்தாகவே முடிந்திருக்கும். 2021 ஏப்ரலில் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பின்னர் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெருநகரங்களில் இலட்சக்கணக்கானோர் திரண்டதை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். நாம் அதிகம் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் வைடர் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள் தொகை ஏறத்தாழ 10,000. கறுப்பின மக்கள் இரவில் தங்க அஞ்சிய ஊர் என்று பல தலைமுறைகளாகப் பெயர் பெற்றது அது. 1993-ஆம் ஆண்டில் அரசுக் குடியிருப்பில் குடியேறிய கறுப்பினத்தவர் சிலர், மிரட்டல் தாளாமல் வெளியேற நேர்ந்ததும் அங்குதான். அத்தகைய ஊரிலே 2020 ஜூன் 6 அன்று வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாய் நின்று ஃபிளாய்டுக்காகக் குரல் கொடுத்தனர்.

பத்து இலட்சம் பேர் வாழும் நகரில் ஊர்வலத்தில் கலந்துகொள்பவனை யாரும் அடையாளம் காண்பதில்லை. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் பதாகை ஏந்துபவனை மளிகைக் கடைக்காரர் அறிவார், காவலர் அறிவார், மறுநாள் வேலைக்கு அழைக்க வேண்டிய முதலாளியும் அறிவார். சிற்றூரில் எழும் குரல் மெல்லியதாய் இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது.

சாத்தான்குளம் சொன்ன பாடம்

ஃபிளாய்டின் மரணத்துக்காக நாம் வருந்திக்கொண்டிருந்த அதே நாள்களில்தான் நம் தமிழகத்தின் தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளம் என்ற சிறு நகரில், அந்தக் கொடுமை நேர்ந்தது. 2020 ஜூன் 19 அன்று மாலை, ஊரடங்கு விதியை மீறியதாகக் கூறி, ஜெயராஜ் என்ற வணிகர் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். தந்தையைத் தேடிச் சென்ற மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். மறுநாள் அவர்கள் அரசு மருத்துவமனைக்கும், பின் நீதித்துறை நடுவரிடமும் கொண்டு செல்லப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். மறுநாள் விடியலில் தந்தை இறந்தார். உடுத்திய துணி குருதியில் நனைய நனைய, மாற்றுத் துணிகள் கேட்டு வாங்கப்பட்டன என்று குடும்பத்தார் கண்ணீருடன் கூறினர்.

முதலில் எழுந்தது அந்தச் சிற்றூர்தான். கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் சாலையில் அமர்ந்தனர். பின்னர் மாநிலம் எங்கும் வணிகர்கள் கடையடைத்தனர். திரையுலகினரும் விளையாட்டு வீரர்களும் பேசினர். வடநாட்டிலும் அந்த இருவரின் பெயர் ஒலித்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தோடு ஒப்பிட்டு அயல்நாட்டு ஏடுகளும் எழுதின. மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

ஆயினும் அந்த வழக்கைத் தாங்கி நின்ற தூண்கள் ஊர்வலங்கள் மட்டும்தானா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் ஜூன் 28 அன்று அந்தக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்றார். அங்கே தமக்கு ஒத்துழைப்புத் தரப்படவில்லை என்றும், தம்மை இழிவாகப் பேசினர் என்றும் அவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் அவர் கண்டார். கேமரா பார்த்திருந்தது, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் பேசினார். அதே நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி. தந்தையும் மகனும் இரவெல்லாம் அடிக்கப்பட்டனர்; லத்திகளிலும் மேசையிலும் குருதிக் கறை படிந்திருக்கிறது; அழிக்கப்படுவதற்குள் அவற்றைக் கைப்பற்ற வேண்டும் என்று அவர் நடுவரிடம் வாக்குமூலம் அளித்தார். உடன் பணிபுரிவோர் சுற்றி நிற்க, அஞ்சியபடியே அவர் பேசினார் என்பதையும், தயங்கிப் பின்பே கையொப்பமிட்டார் என்பதையும் நடுவரின் அறிக்கை குறிப்பிடுகிறது. அச்சம் இல்லாதவர் பேசுவது இயல்பு. அஞ்சிக்கொண்டே உண்மையைச் சொல்வதன்றோ வீரம்!

அதன்பின் உயர் நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க வழிவகுத்தது. காவலர்கள் கைது செய்யப்பட்ட செய்தி வந்தபோது ஊர் மக்கள் வெடி வெடித்தனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்பது காவல்துறையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. வெடியின் புகை ஒரு நாளில் கலைந்துவிட்டது. சாட்சிக் கூண்டில் நின்றவர்களோ ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது.

சிற்றூர் ஏன் வாய் மூடுகிறது?

நகரத்து நண்பர்கள் சிலர், கிராமத்தார் அநீதியைக் கண்டும் பேசாதவர்கள் என்று குறை கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. சிற்றூரின் மௌனத்திற்குக் காரணங்கள் இருக்கின்றன; அவற்றை அறியாமல் அதை உடைக்க முடியாது.

முதலாவது, இன்று எதிர்த்து முழக்கமிட்ட அதே நிலையத்தின் படியைத்தான் நாளை மறுநாள் மிதிக்க வேண்டியிருக்கிறது. கடவுச்சீட்டுக்கான விசாரணையா, வாகன விபத்தா, வரப்புத் தகராறா, காணாமற்போன ஆடா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நிலையம். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பக் காத்திருக்கும் தந்தை ஏட்டையாவைப் பகைத்துக்கொள்ள விரும்புவாரா?

இரண்டாவது, அங்கே காவலரும் அயலார்தாம். அவருடைய பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பள்ளியில் படிக்கின்றனர். ஒருவர் செய்த கொடுமைக்காக அவர் வீட்டாரின் முகத்தில் விழிக்க முடியாத நிலை வந்துவிடுமோ என்று மக்கள் தயங்குகின்றனர்.

மூன்றாவது, சமரசம். ஊர்ப் பெரியவர்கள் கூடி, நடந்தது நடந்துவிட்டது, குடும்பத்துக்கு ஏதேனும் தொகை வாங்கித் தருவோம் என்று பேசுவர். நல்லெண்ணத்தோடு பேசுவோரும் உண்டு. ஆனால் அடிபட்டவன் ஏழையாகவும் அடித்தவன் அதிகாரியாகவும் இருக்கும்போது செய்யப்படும் சமரசம், பெரும்பாலும் ஏழையின் வாயை அடைக்கும் மூடியாகவே முடிகிறது.

நான்காவது காரணம்தான் எல்லாவற்றிலும் கொடியது. பாதிக்கப்பட்டவன் யார் என்று கேட்பது. நம்மவனா, அடுத்தவனா? எந்தச் சாதி, எந்த மதம், எந்தக் கட்சி? விடை தெரிந்த பிறகுதான் இரக்கம் பிறக்கிறது, அல்லது பிறக்காமலே போகிறது.

மீன்சுருட்டியில் கிடந்த உடல்

ஏலாக்குறிச்சி இருக்கும் இதே அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் மீன்சுருட்டி என்ற ஊர் இருக்கிறது. 1993 மார்ச்சில், அடையாளம் தெரியாத ஒருவரின் உடல் அந்த எல்லையில் கிடைத்தது. மாவட்டம் அப்போது பிரிக்கப்படவில்லை. அது திருச்சி மாவட்டமாக இருந்த காலம். அந்த உடலுக்கு உரியவர் பக்கத்து மாவட்டத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு. குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் கூலித் தொழிலாளி. ஒரு வீட்டில் நகை காணாமற்போனதாகக் கூறிக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு அவரைக் கொண்டு சென்றனர். பின்னர், அவர் தப்பியோடிவிட்டார் என்று அவர் மனைவி பார்வதியிடம் கூறப்பட்டது.

பார்வதிக்கு எழுத்தறிவு இல்லை, பணம் இல்லை, பின்னால் திரண்டு நிற்கப் பெரிய சமூகமும் இல்லை. அந்த ஆண்டு அவருக்காக நாடு தழுவிய ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை. கம்மாபுரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த கோவிந்தன் என்பவர் துணை நின்றார். சென்னையில் வழக்கறிஞராக இருந்த சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். தப்பியோடியவர் எங்கே என்ற அந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து சென்றபோதுதான், மீன்சுருட்டியில் கிடந்த உடல் யாருடையது என்பது வெளிப்பட்டது. காவல்துறையினரின் குற்றம் 2006-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்றது. இடையில் கழிந்தவை 13 ஆண்டுகள். 2021-இல் வெளிவந்த ஜெய் பீம் திரைப்படம் இந்த வழக்கைத் தழுவியது என்பதை வாசகர்கள் அறிவர். படம் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் கோடிப்பேர். பார்வதி நீதிமன்றத்துக்கு நடந்த நாள்களில் உடன் நடந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் கூறியது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள்! கைக்குழந்தையாய் இருந்தவர்கள் பெற்றோராகிவிட்ட காலம் அது. இத்தனை காலமும் அந்த ஊர் தன் சொல்லிலிருந்து மாறவில்லை. தொடர்ந்து நின்ற மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் இடதுசாரித் தோழர்களும் அவர்களைக் கைவிடவில்லை.

அண்மையிலும் நிலை மாறிவிடவில்லை. 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலின் காவலாளி அஜித்குமார் என்ற 27 வயது இளைஞர், பக்தர் ஒருவரின் நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது காவல்துறையினரின் தாக்குதலால் உயிரிழந்தார். உடலில் 44 காயங்கள் இருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது. 1993-இலும் நகை, 2025-இலும் நகை. இரண்டு இடத்திலும் உயிரைவிட நகை விலை உயர்ந்ததாய்ப் போயிற்று! இங்கும் முதலில் திரண்டவர்கள் உறவினரும் ஊராரும்தான். இங்கும் வழக்குக்கு உயிர் கொடுத்தது, அருகிலிருந்த ஒருவர் அஞ்சியவாறே மறைவில் நின்று கைப்பேசியில் எடுத்த சிறு படம். ஐந்து காவலர்கள் கைதாயினர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. முதலமைச்சர் அந்தத் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கோரினார்.

இந்த நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்துப் பாருங்கள். சாத்தான்குளத்தில் மாண்டவர்கள் கிறித்தவர்கள். முதனையில் மாண்டவர் குறவர். வாச்சாத்தியார் பழங்குடியினர். மடப்புரத்தில் இறந்தவர் கோயில் காவலாளி. தடி எவருடைய மதத்தையும் கேட்டுவிட்டு ஓங்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் கேட்டுவிட்டு இரக்கப்பட வேண்டும்?

வெயிலில் நின்றவர்கள்

நம் சமுதாயமும் காவல்துறையின் கடுமையை அறியாததன்று. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நடந்தவை நம் இல்லங்களில் இன்னும் ஆறாத புண். அதனாலேயே, நமக்கு நேர்ந்தால் நாம் உரக்கப் பேசுகிறோம். அது நம் உரிமை. ஆனால் அடுத்த தெருவில், அடுத்த சமூகத்தவனுக்கு நேர்ந்தால், நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்துவோமானால், மார்க்கம் அதை ஏற்குமா?

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் ஓரிடத்தைக் கடந்து சென்றார்கள். அங்கே உழவர்கள் சிலர் கொளுத்தும் வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். ஏன் என்று வினவினார்கள். வரிப் பணம் தொடர்பாக என்று விடை வந்தது. அந்த உழவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆட்சியோ முஸ்லிம்களுடையது. ஹிஷாம் (ரலி) அவர்கள், இது அரசாங்க விவகாரம் என்று ஒதுங்கிச் செல்லவில்லை. இவ்வுலகில் மனிதர்களை வதைப்பவர்களை அல்லாஹ் வதைப்பான் என்ற கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் செவியுற்றதாகச் சாட்சி கூறினார்கள். அப்பகுதியின் ஆளுநராயிருந்த உமைர் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடமே சென்று அதை எடுத்துரைத்தார்கள். ஆளுநர் உடனே அவர்களை விடுவிக்க ஆணையிட்டார்கள்.

இதில் ஊர்வலம் இல்லை, கொடி இல்லை. வழியில் கண்டவர் நின்றார், விசாரித்தார், பொறுப்பாளரிடம் நேரே சென்று சொன்னார். பாதிக்கப்பட்டவர் எந்தச் சமயத்தவர் என்பது அவருடைய கேள்வியாகவே இல்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகிறது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம். கடன் பத்திரத்துக்குச் சொல்லப்பட்ட அந்தக் கடமை, ஓர் உயிர் பற்றிய செய்தியில் இன்னும் கனமானதன்றோ?

சிறு ஜமாஅத் செய்யக் கூடியவை

எங்கள் ஊரில் நாங்கள் முப்பது வீடுதான். எங்களால் என்ன முடியும் என்று கேட்போர் உண்டு. சட்டமே அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. 1986-இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பாயிற்று. அதன்படி, கைது செய்யும் காவலர் கைதுக் குறிப்பு ஒன்று தயாரிக்க வேண்டும். நேரமும் தேதியும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தவர் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிக்கத்தக்க ஒருவரோ அதில் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும்.

மதிக்கத்தக்க ஒருவர் என்றால் யார்? முத்தவல்லி, ஜமாஅத் செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், பங்குத் தந்தை, கோயில் தர்மகர்த்தா. ஏலாக்குறிச்சி போன்ற ஊரில் இவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர்களாகவே இருப்பர். இவர்களில் மூவர், எந்தச் சமூகத்துப் பிள்ளை அழைத்துச் செல்லப்பட்டாலும் உடன் செல்வது என்று முடிவெடுத்துக்கொண்டால், அதைவிடச் சிறந்த காவல் அந்த ஊருக்கு வேறு வேண்டுமா? முழக்கம் வேண்டாம், சண்டை வேண்டாம். கூடச் சென்று, எந்தப் புகாரின் பேரில் விசாரணை, பொறுப்பான அதிகாரி யார் என்று பணிவோடு கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியே அமர்ந்திருந்தால் போதும். உள்ளே இருப்பவனுக்காக வெளியே ஆள் இருக்கிறது என்பது தெரிந்தாலே, ஓங்கும் கை தயங்கும்.

அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். கைதானவரைக் காவலில் இருக்கையில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவரையும், 60 வயது கடந்த ஆடவரையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரும்படி வற்புறுத்தலாகாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் காத்து வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆதலால், நிகழ்ச்சி நடந்தவுடன் அந்தப் பதிவைப் பாதுகாக்கும்படி எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டம். மாவட்டந்தோறும் இலவசச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க எவ்வளவு செலவாகும்?

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. நாடு கொதிக்கும் நாள்களில் கைப்பேசியில் செய்திகள் பறந்து வரும். அவற்றுள் பொய்யும் கலந்திருக்கும். ஒரு பொய்ப் படம் போதும், உண்மையான நூறு சாட்சியங்களின் மதிப்பைக் கெடுப்பதற்கு. கண்டதைச் சொல்லுங்கள், கேட்டதைக் கேட்டதாகவே சொல்லுங்கள். காவல்துறை முழுவதையும் பழிப்பதும் நீதியன்று. ரேவதியும் காக்கிச் சட்டை அணிந்தவர்தானே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது ஐந்தாம் அத்தியாயம் நமக்குத் தரும் எச்சரிக்கை. அது இருபுறமும் பொருந்தும்.

இல்லத்தரசிகளுக்கு

இது குடும்பங்கள் படிக்கும் ஏடு. ஆகையால் இறுதியாக நம் தாய்மார்களிடம் ஒரு சொல். மின்னியாபொலிஸில் படம் பிடித்தவர் ஒரு பெண். சாத்தான்குளத்தில் வாய் திறந்தவர் ஒரு பெண். கணவனைத் தேடி முதனையிலிருந்து சென்னை வரை நடந்தவர் ஒரு பெண். வாச்சாத்தியில் நீதிமன்றத்தில் நின்று அடையாளம் காட்டியவர்களும் பெண்களே. இவர்களுள் ஒருவரும் தலைவர் அல்லர். மேடையேறிப் பேசியவரும் அல்லர். ஆண்கள் சமரசம் பேசத் தொடங்கும் வேளையில், உண்மை எங்கே என்று கேட்டவர்கள் இவர்கள்.

உங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை இரவில் அழைத்துச் செல்லப்பட்டால், அவன் நல்லவனா கெட்டவனா என்ற ஆராய்ச்சியை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அந்தத் தாயுடன் அமர்ந்திருங்கள். எத்தனை மணிக்குக் கொண்டு சென்றார்கள், என்ன உடை உடுத்தியிருந்தான், நடந்து சென்றானா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னொரு நாளில் அந்த நோட்டின் ஒரு பக்கம், நகரங்களில் நடக்கும் நூறு ஊர்வலங்களைவிட அந்தத் தாய்க்கு உதவக் கூடும்.

நகரத்து ஊர்வலங்கள் கொள்ளிடத்து வெள்ளம் போன்றவை. வரும்போது கரை அதிரும். தேவைதான், அணைக்கட்டின் மதகைத் திறக்க வைப்பது வெள்ளம்தான். ஆனால் வெள்ளம் வடிந்த பின், கோடையில் ஆற்றுமணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்து ஊரைக் காப்பவர்கள் அந்தக் கரையில் வாழ்பவர்களே. நீதியும் அப்படித்தான் காக்கப்படுகிறது.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும், உங்கள் ஊர் ஜமாஅத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்: நள்ளிரவில் யாரேனும் ஒருவர் நம்மிடம் ஓடி வந்தால், உடன் செல்லும் அந்த மூவர் யார்? மூன்று பெயர்கள் கிடைத்துவிட்டால், உங்கள் ஊரும் காவலூர்தான்.

வல்ல இறைவன் நம் அனைவரையும் அநீதி இழைப்பதிலிருந்தும், அநீதியைக் கண்டு வாய் மூடியிருப்பதிலிருந்தும் காத்தருள்வானாக. ஆமீன்.